முதல் வாக்கியம் கண்ணெதிரே இருக்கிறது: சிப்பிக் கடையில் நான் கற்ற ஆங்கிலம்

கன்னியாகுமரியில் பகவதி அம்மன் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள கடைத்தெருவில் எனக்கு ஒரு சங்கு சிப்பிக் கடை. சோழி மாலை, சிப்பி ஒட்டிய கண்ணாடி, பொட்டலத்தில் கலர் மணல், சங்கில் பெயர் எழுதித் தருவது, இதுதான் வியாபாரம். வீடு கொட்டாரத்தில். பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தேன். கடைக்கு வந்து 22 வருடம் ஆகிறது. ஆங்கிலத்தில் எனக்கு வரும் பேச்சு முழுவதும் இந்த வாசலில் கிடைத்தது.

இப்போது சாயங்காலம் ஆனால் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் கடையில் வந்து உட்காருகிறார்கள். ஒருத்தி நர்சிங் முடித்துவிட்டு வெளிநாட்டுத் தேர்வுக்குப் படிக்கிறாள். ஒருத்தி நாகர்கோவிலில் துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். ஒரு பையனுக்கு லாட்ஜில் வரவேற்பறை வேலை. எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "எக்கா, கிராமர் தெரியும், வார்த்தையும் தெரியும். ஆள் முன்னால நின்னா முதல்ல என்னத்தச் சொல்லணும்னுதான் தெரியல." அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

மழை தந்த பாடம்

கடைக்கு வந்த புதிதில் எனக்கு மூன்று வாக்கியம் மனப்பாடம். "வெல்கம் மேடம்." "வாட் டு யு வான்ட்?" "ஃபிக்ஸ்ட் பிரைஸ்." யார் வந்தாலும் இந்த வரிசையில் சொல்வேன். பாதிப் பேர் இரண்டாவது வாக்கியத்திலேயே சங்கைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். "வாட் டு யு வான்ட்?" என்பது ஆங்கிலக் காதுக்கு "உனக்கு என்ன வேணும்?" என்று வெடுக்கென்று கேட்பது போல விழும் என்று அப்போது எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

ஒரு ஆனி மாதம், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. வயதான ஒரு வெள்ளைக்கார அம்மா மழைக்கு ஒதுங்கி என் கடைத் தார்ப்பாய்க்குக் கீழே நின்றார். வாங்க வரவில்லை என்று தெரிந்ததால் அந்த மூன்று வாக்கியமும் எனக்கு வரவில்லை. இரண்டு பேரும் கடலையே பார்த்துக்கொண்டு நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து நான் கையை நீட்டி, "லாட் ஆஃப் ரெயின்," என்றேன். அவர் திரும்பி, "யெஸ், இட் ஜஸ்ட் டஸின்ட் ஸ்டாப், டஸ் இட்?" என்றார். "ஈவினிங், இட் வில் ஸ்டாப்," என்றேன். "ஆர் யு ஷ்யூர்?" என்று கேட்டார். அங்கிருந்து கால் மணி நேரம் பேசினோம். எங்கள் மாவட்டத்தில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் என்பதை எனக்குத் தெரிந்த பத்து வார்த்தையில் சொல்லி முடித்தேன். போகும்போது ஒரு சோழி மாலையும் வாங்கிக்கொண்டார்.

அன்றைக்குப் பிடிபட்ட வழியைத்தான் இன்றுவரை சொல்லிக்கொடுக்கிறேன். இரண்டு பேர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரிகிற ஒன்றைப் பற்றி ஒரு சின்ன வாக்கியம் சொல்லுங்கள். மழை, காற்று, வரிசை, தாமதமாக வரும் ரயில், படகு, வெயில், எதுவாகவும் இருக்கலாம். பிறகு அந்த வாக்கியத்துக்கு ஒரு வால் ஒட்டுங்கள். நாம் "நல்ல காத்து, இல்லையா?" என்போமே, அந்த "இல்லையா"தான் வால். "இட்ஸ் விண்டி டுடே, இஸின்ட் இட்?" அவ்வளவு போதும். எதிரில் இருப்பவருக்குப் பேச மனம் இருந்தால் பிடித்துக்கொள்வார். இல்லையென்றால் "யெஸ்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொள்வார். இரண்டு பேருக்கும் சங்கடம் இல்லை.

அந்த வால் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. தமிழில் எதற்கும் "இல்லையா" போதும். ஆங்கிலத்தில் வாக்கியத்தைப் பார்த்து வால் மாறும். "யு கேம் பை ட்ரெயின்" என்றால் "டிடின்ட் யு?" வரவேண்டும். "இட் டஸின்ட் ஸ்டாப்" என்றால் "டஸ் இட்?" இதை யோசித்துக்கொண்டு நின்றால் ரயிலே போய்விடும். முதல் ஆறு மாதம் "ரைட்?" என்று மட்டும் போடுங்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும், கேட்பவருக்கும் உறுத்தாது. சரியான வால்கள் காதில் விழ விழத் தானாக ஒட்டிக்கொள்ளும்.

வானிலையைப் பேசுவது வெட்டிப்பேச்சு என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். பிரிட்டிஷ்காரர்களிடம் அதுதான் வாசல்படி. அவர்கள் "லவ்லி டே, இஸின்ட் இட்?" என்று சொன்னால் நீங்கள் வெப்பநிலை விவரம் சொல்ல வேண்டாம். "யெஸ், பியூட்டிஃபுல்," என்று ஒத்துப்போக வேண்டும். நம்மூரில் எதிரே வருபவர் "கோயிலுக்கா?" என்று கேட்டால் "ஆமா" என்று சொல்லிவிட்டு நடப்பதில்லையா, அது மாதிரி.

கேட்பதற்கு முன் கொடுங்கள்

என் அனுபவத்தில் மழையை விட நன்றாக வேலை செய்யும் தொடக்கம் ஒன்று உண்டு. எதிரில் இருப்பவருக்கு உபயோகமான ஒரு தகவலைச் சொல்வது.

விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு கடல் கொந்தளித்தால் நின்றுவிடும். தெரியாமல் வெயிலில் வந்து நிற்பவர்களிடம் "நோ போட் நவ். தி ஸீ இஸ் ரஃப்," என்று சொல்லிப் பாருங்கள். உடனே "ஓ! வென் வில் இட் ஸ்டார்ட்?" என்று பேச்சு அவர் பக்கமிருந்து வரும். விடியற்காலையில் சூரிய உதயம் பார்க்க வந்து மேகத்தைப் பார்த்து ஏமாந்து நிற்பவரிடம், "யு கேன் ஸீ தி சன்செட் ஹியர், டூ," என்று சொன்னால் முகம் மலரும். சித்ரா பௌர்ணமி அன்று வந்தவர் என்றால் சொல்லவே வேண்டாம். அன்று மாலை ஒரு பக்கம் சூரியன் இறங்க, மறுபக்கம் நிலா ஏறும். "டுநைட், லுக் அட் போத் சைட்ஸ்," என்று நான் கை இரண்டையும் விரித்துக் காட்டுவேன்.

லாட்ஜில் வேலை பார்க்கும் பையனிடம் இதைத்தான் வற்புறுத்திச் சொல்வேன். அறைச் சாவியை நீட்டும்போது "தி சன்ரைஸ் இஸ் அரவுண்ட் சிக்ஸ்" என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல். விருந்தாளி உன்னை மறக்க மாட்டார்.

கேள்விகளில் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும். நம்முடைய அக்கறை எல்லாம் கேள்வியாகத்தான் வெளியே வரும். எங்க போறீங்க, சாப்பிட்டாச்சா, எத்தனை பிள்ளைங்க, என்ன சம்பளம். கேட்காவிட்டால்தான் நம்மிடையே குறை. ஒருமுறை தனியாக வந்த ஒரு பெண்ணிடம், வயது முப்பது இருக்கும், "வேர் இஸ் யுவர் ஹஸ்பண்ட்?" என்று கேட்டுவிட்டேன். பாவம் தனியா வந்திருக்கே என்ற நினைப்பில்தான் கேட்டேன். அவர் முகம் மூடிக்கொண்டது. கையில் எடுத்த கண்ணாடியை வைத்துவிட்டுப் போனார். அந்த முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தனியாகப் பயணம் செய்யும் பெண்ணிடம், முக்கியமாக ஆண்கள், "ஆர் யு அலோன்?" என்று கேட்கவே கூடாது. எந்த விடுதியில் தங்கியிருக்கிறார் என்றும் கேட்கக் கூடாது. நீங்கள் நல்லவர் என்பது அவருக்குத் தெரியாது.

அதற்குப் பதில் உங்களைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள். "ஐ லிவ் நியர் ஹியர், இன் கொட்டாரம்." அவருக்கு விருப்பம் இருந்தால் தன் ஊரைச் சொல்வார். எனக்குக் கடையில் ஒரு வசதி, சங்கில் பெயர் எழுதும்போது "வாட் நேம் ஷுட் ஐ ரைட்?" என்று கேட்கலாம். மகள் பெயர், பேரன் பெயர் என்று அவர்களே சொல்வார்கள். நான் துருவிக் கேட்காமலேயே குடும்பம் முழுக்க வந்துவிடும்.

"சாப்பிட்டாச்சா"வை அப்படியே "ஹேவ் யு ஈட்டன்?" என்று கேட்டால் சாப்பிடக் கூப்பிடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்வார்கள். உண்மையிலேயே ஏதாவது கொடுக்கப்போகிறீர்கள் என்றால் தாராளமாகக் கேளுங்கள். நான் மட்டிப்பழம் கொடுப்பேன். "ப்ளீஸ் ட்ரை திஸ். இட்ஸ் எ ஸ்மால் பனானா. வெரி ஸ்வீட். இட் குரோஸ் ஹியர்." எங்கள் மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதைச் சொல்வதில் எனக்கு இன்னும் சந்தோஷம்.

நம்முடைய "ங்க" அங்கே எங்கே இருக்கிறது

நிறையப் பேர் கவனிக்காத இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

"அண்ணே, கொஞ்சம் தண்ணி குடுங்க." இந்த ஒரு வரியில் மரியாதை மூன்று இடத்தில் இருக்கிறது. "அண்ணே"யில் ஒன்று, "கொஞ்சம்" என்பதில் ஒன்று, "ங்க"வில் ஒன்று. இதை நம் பிள்ளைகள் "கிவ் மீ வாட்டர்" என்று ஆங்கிலத்தில் மாற்றும்போது மூன்றும் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது "தண்ணி குடு." பேசியவர் தங்கமான பிள்ளை, கேட்டவருக்கோ அதட்டியது மாதிரி இருக்கும்.

ஆங்கிலத்தில் வினைச்சொல்லின் கடைசியில் "ங்க" ஒட்ட முடியாது. அவர்கள் மரியாதையை வாக்கியத்தின் முன்னால் வைப்பார்கள். "அண்ணே" இருந்த இடத்தில் "எக்ஸ்கியூஸ் மி" வரும். "கொஞ்சம்" இருந்த இடத்தில் "ஸம்" அல்லது "எ லிட்டில்" அல்லது "ஜஸ்ட்". "ங்க" இருந்த இடத்தில் "குட் ஐ ஹேவ்" அல்லது "குட் யு", கடைசியில் ஒரு "ப்ளீஸ்". "எக்ஸ்கியூஸ் மி, குட் ஐ ஹேவ் ஸம் வாட்டர், ப்ளீஸ்?" பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளுங்க" என்பதற்கு "குட் யு மூவ் எ லிட்டில், ப்ளீஸ்?" கடையில் நான் "வாட் டு யு வான்ட்?" கேட்டுக்கொண்டிருந்த இடத்தில் இப்போது "வுட் யு லைக் டு ஸீ திஸ் ஒன்?" என்கிறேன்.

பிள்ளைகளுக்கு நான் தரும் வேலை இதுதான். அன்றைக்கு வீட்டில் தமிழில் சொன்ன ஐந்து வாக்கியத்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் மரியாதை எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, அதை ஆங்கிலத்தில் வேறு இடத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் செய்தாலே பேச்சின் தொனி மாறிவிடும்.

முறை வைத்துக் கூப்பிடுவதும் அங்கே கிடையாது. முன்பின் தெரியாதவரை அங்கிள், ஆண்ட்டி என்று கூப்பிட்டால் குழம்புவார்கள். கடையில் "மேடம்", "சார்" தப்பில்லை. ஆனால் வாக்கியத்துக்கு இரண்டு வேண்டாம்.

"ஆமா" என்றால் எப்போதும் "யெஸ்" இல்லை

ஒரு அம்மா என்னிடம், "டோன்ட் யு ஹேவ் எ ஸ்மாலர் ஒன்?" என்று கேட்டார். சின்னது இல்லையா என்று கேட்கிறார். "ஆமா, இல்ல" என்று மனசில் சொல்லி, "யெஸ்" என்றேன். அவர் காத்துக்கொண்டு நின்றார். நானும் நின்றேன். சின்னதை எடுத்து வருவேன் என்று அவர் நினைத்திருக்கிறார்.

தமிழில் நாம் கேள்வியோடு ஒத்துப்போகிறோம். "டீ வேண்டாமா?" "ஆமா, வேண்டாம்." ஆங்கிலத்தில் கேள்வி எப்படி இருந்தாலும் நடப்பைத்தான் பார்க்க வேண்டும். பொருள் இருக்கிறதா, "யெஸ், ஐ டூ." இல்லையா, "நோ, ஐ டோன்ட்." ஒற்றை வார்த்தையில் நிறுத்தாமல் இப்படி வால் சேர்த்துச் சொன்னால் தப்பு வர வழியில்லை.

"டு யு மைன்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்று யாராவது ரயிலில் கேட்டால் இன்னும் குழப்பம். "தாராளமா உக்காருங்க" என்ற நினைப்பில் நம்மவர்கள் "யெஸ், யெஸ்" என்பார்கள். அந்தக் கேள்வியைத் தமிழில் "நான் இங்க உக்காந்தா உங்களுக்கு இடைஞ்சலா?" என்று வைத்துக்கொள்ளுங்கள். பதில் தானாக வரும்: "நோ, நாட் அட் ஆல்." அப்புறம் நம் தலையாட்டல். இரண்டு பக்கமும் லேசாக ஆட்டினால் நமக்கு அது சம்மதம். வெளியூர்க்காரருக்கு ஆமாவா இல்லையா தெரியாது. ஆட்டுவதை நிறுத்த வேண்டாம், கூடவே வாயாலும் சொல்லிவிடுங்கள்.

யாரிடம் தொடங்குவது

வெள்ளைக்காரரைத் தேடிப் போகாதீர்கள் என்று நான் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. முதல் பயிற்சிக்கு நல்ல ஆள் வங்காளத்திலிருந்தோ அசாமிலிருந்தோ குஜராத்திலிருந்தோ வந்தவர். அவருக்குத் தமிழ் தெரியாது, நமக்கு அவர் மொழி தெரியாது, இரண்டு பேருக்கும் ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் வந்தது. வேகம் குறைவு, சொல் எளிது, தப்பை யாரும் எண்ண மாட்டார்கள். அசாமில் திப்ருகரிலிருந்து வரும் விவேக் எக்ஸ்பிரஸ் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி எங்கள் ஸ்டேஷனில்தான் நிற்கிறது. அதில் இறங்கி வந்து கடலைப் பார்ப்பவரிடம் "ஹவ் மெனி டேஸ் ஆன் தி ட்ரெயின்?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் நீங்கள் கேட்டுக்கொண்டிருந்தால் போதும்.

ரயிலில் போகிறவர்களுக்கு இரண்டு வாக்கியம் சொல்லி வைக்கிறேன். "இஸ் எனிஒன் சிட்டிங் ஹியர்?" அதற்கு "நோ" என்றால் இடம் காலி, உட்காரலாம். அப்புறம், கையில் இருக்கும் ஏத்தங்காய் சிப்ஸை நீட்டி, "வுட் யு லைக் ஸம்?" வேண்டாம் என்றால் ஒருமுறைக்கு மேல் வற்புறுத்த வேண்டாம். நம்மிடையே மூன்று முறை கேட்பது மரியாதை. அவர்கள் முதல் தடவை சொன்னதையே முடிவாகச் சொல்லியிருப்பார்கள்.

மருத்துவமனைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

எங்கள் மாவட்டத்திலிருந்து நர்சிங் வேலைக்கு வெளிநாடு போகிறவர்கள் நிறைய. என் அண்ணன் மகளும் இங்கிலாந்தில் நர்ஸ். போன முதல் வாரம் போனில், "அத்தை, எல்லாரும் என்னப் பாத்து 'யு ஆல்ரைட்?'னு கேக்குறாங்க. என் முகம் அவ்வளவு வாடிப்போயா இருக்கு?" என்று வருத்தப்பட்டாள். அங்கே அது "என்ன, எப்படி?" என்பது மாதிரி ஒரு வணக்கம். உடம்பு பற்றிய விசாரணை இல்லை. "யெஸ், தேங்க்ஸ். யு?" என்று சொல்லிவிட்டு நடக்க வேண்டியதுதான். "ஹவ் ஆர் யு?" என்பதும் அப்படித்தான். "ஐ ஹேவ் லிட்டில் ஃபீவர் ஸின்ஸ் மண்டே" என்று தொடங்கிவிடாதீர்கள். அதை நெருங்கியவரிடம் சொல்லலாம்.

தேர்வு பற்றி. ஐஇஎல்டிஎஸ் என்பது வெளிநாடு போகிறவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு. அதில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதியில் கேட்பது வீடு, ஊர், வேலை, பிடித்தது பிடிக்காதது, இவ்வளவுதான். ஓஇடி என்பது மருத்துவ வேலைக்காரர்களுக்கான ஆங்கிலத் தேர்வு. அதன் பேச்சுப் பகுதியில் நர்ஸாக நீங்கள், நோயாளியாக எதிரில் இருப்பவர், ஐந்து ஐந்து நிமிடமாக இரண்டு முறை பேச வேண்டும். அதில் பேச்சைத் திறப்பதே பெரிய விஷயம். மனப்பாடம் செய்த முகவுரை வேண்டாம். பெயர் சொல்லுங்கள், யார் என்று சொல்லுங்கள், அவரை எப்படிக் கூப்பிடலாம் என்று கேளுங்கள். "ஹலோ, மை நேம் இஸ் மேரி. ஐம் யுவர் நர்ஸ் டுடே. வாட் வுட் யு லைக் மீ டு கால் யு?" மேரி இருக்கிற இடத்தில் உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த முதல் வரிக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இங்கிலாந்தில் கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர், புற்றுநோய் வந்து தானே நோயாளியாகப் படுத்திருந்தபோது, தன்னைக் கவனிக்க வந்தவர்களில் பலர் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கண்டார். 2013-ல் "ஹலோ, மை நேம் இஸ்" என்றே பெயர் வைத்து ஒரு இயக்கம் தொடங்கினார். 2016-ல் அவர் காலமான பிறகும் அது நிற்கவில்லை. இதைச் சொன்ன நாளிலிருந்து எங்கள் நர்சிங் பிள்ளை அந்த வரியைப் பாடமாக ஒப்பிப்பதில்லை. ஆளைப் பார்த்துச் சொல்கிறாள்.

"மைசெல்ஃப் மேரி" என்பதை மட்டும் விட்டுவிடுங்கள். "யுவர் குட் நேம் ப்ளீஸ்" என்பதையும். நம் நாட்டுக்குள் புரியும், வெளியே விழிப்பார்கள்.

உச்சரிப்பில் ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன், அதுவும் நர்ஸ் பிள்ளைகளுக்காக. மாத்திரைக்கும் "பில்", ரசீதுக்கும் "பில்" என்றுதான் தமிழில் எழுத முடிகிறது. நாம் மாத்திரையைச் சொல்லும்போதும் அவர்களுக்கு ரசீது என்று கேட்கிறது. உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வையுங்கள். மாத்திரைக்குக் கையில் காற்று பட வேண்டும். ரசீதுக்குப் படக்கூடாது. "பார்க்", "பேஷண்ட்" இரண்டும் காற்று பட வேண்டிய சொற்கள். கையை வைத்து ஒரு நாளைக்கு இருபது முறை சொன்னால் பத்து நாளில் வந்துவிடும். "எக்" என்பதை "யெக்" என்றும் "ஒன்லி" என்பதை "வொன்லி" என்றும் சொல்வது மெதுவாக மாறட்டும், அதனால் யாருக்கும் ஆபத்து இல்லை.

நம்மூர் ஆங்கிலச் சொற்கள்

ஒருவர் முதுகில் பெரிய பையோடு வந்து "குட் ஹோட்டல்?" என்று கேட்டார். நல்ல மீன் சாப்பாடு கிடைக்கும் கடைக்கு வழி சொல்லி அனுப்பினேன். அவர் கேட்டது தங்குவதற்கு இடம். நமக்கு ஹோட்டல் என்றால் சாப்பாட்டுக் கடை. அவர்களுக்கு அது "ரெஸ்டாரன்ட்". "பார்சல்" என்றால் தபாலில் வருவது, சாப்பாட்டைக் கட்டி வாங்கினால் "டேக்அவே". "மீல்ஸ்" என்றால் நமக்கு இலைச் சாப்பாடு, அவர்களுக்கு எந்த வேளைச் சாப்பாடும். "ஐ பாஸ்ட் அவுட் இன் 2019" என்றால் கல்லூரி முடித்தீர்கள் என்று எடுக்க மாட்டார்கள், மயங்கி விழுந்தீர்கள் என்றுதான் நினைப்பார்கள். "ஐ ஃபினிஷ்ட் காலேஜ்" என்று சொல்லுங்கள். எங்கள் ஊரையே வயதான சிலர் "கேப் காமரின்" என்றுதான் கேட்பார்கள். அதற்கும் காது பழகியிருக்கட்டும்.

பேச்சு நின்றுபோனால்

தொடங்கியாச்சு, இரண்டு வாக்கியத்தில் நின்றுவிட்டது. அப்போது ஒரு வழி இருக்கிறது. அவர் சொன்ன கடைசிச் சொல்லைக் கேள்வியாகத் திருப்பிச் சொல்லுங்கள். "வி கேம் ஃப்ரம் மதுரை லாஸ்ட் நைட்." "லாஸ்ட் நைட்?" "யெஸ், பை பஸ், இட் வாஸ் டெரிபிள்." "டெரிபிள்?" புதிய வாக்கியம் ஒன்றுகூட நீங்கள் செய்யவில்லை, அவர் பேசிக்கொண்டே இருப்பார். உங்கள் காதும் பழகும். ஒரே பேச்சில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

புரியவில்லை என்றால் புரிந்த மாதிரி தலையாட்டாதீர்கள். "ஸாரி, குட் யு ஸே தட் அகெய்ன்?" என்று கேட்டால் யாரும் கோபப்பட மாட்டார்கள். இரண்டாவது முறையும் புரியவில்லையா, கையில் இருக்கும் பொருளையோ காகிதத்தையோ காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று, உங்கள் ஊரைப் பற்றி ஒரு சின்னக் கதை தயாராக வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது வள்ளுவர் சிலை. "தி ஸ்டேச்சு இஸ் 133 ஃபீட். ஹிஸ் புக் ஹேஸ் 133 சாப்டர்ஸ். தி பேஸ் இஸ் 38 ஃபீட். தி ஃபர்ஸ்ட் பார்ட் இஸ் அபவுட் எ குட் லைஃப். இட் ஹேஸ் 38 சாப்டர்ஸ்." ஐந்தே வாக்கியம், எல்லாம் குட்டி. அறத்துப்பால் 38 அதிகாரம், பொருளும் இன்பமும் சேர்த்து 95, பீடம் 38 அடி, சிலை மட்டும் 95 அடி, சேர்த்தால் 133 என்று பிள்ளைகளுக்குத் தமிழில் முதலில் சொல்லிவிடுவேன். பொருள் மனதில் இருந்தால் சொல் தேடி அலைய வேண்டாம். இதைச் சொன்னதும் "ஹூ வாஸ் ஹி?" என்று கேட்காத ஆளை நான் பார்த்ததில்லை. 2024 டிசம்பர் கடைசியில் பாறைக்கும் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு, "டிட் யு வாக் ஆன் தி கிளாஸ் பிரிட்ஜ்? வேர் யு அஃப்ரெய்ட்?" என்ற கேள்வியும் எனக்குக் கிடைத்திருக்கிறது. தோவாளைக்காரர் பூச்சந்தையைச் சொல்லலாம், மயிலாடிக்காரர் கல்சிற்பத்தைச் சொல்லலாம், முப்பந்தல் பக்கம் இருப்பவருக்குக் காற்றாலை இருக்கிறது. வடசேரி பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரும்வரை வாய்க்குள் நாலு முறை சொல்லிப் பார்த்தால் கதை படிந்துவிடும்.

விடைபெறுவது

தொடங்கத் தெரிந்தவர்களுக்கும் முடிக்கத் தெரிவதில்லை. எங்கள் பிள்ளை ஒருத்தி, கடைக்கு வந்த ஒரு அம்மாவிடம் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவள், வீட்டுக்குக் கிளம்பும்போது அவரிடம் "ஐ வில் கோ அண்ட் கம்," என்றாள். "போயிட்டு வரேன்" என்பதைத்தான் சொன்னாள். போறேன் என்று மட்டும் சொல்ல நம் வாய்க்கு வராது. அந்த அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து அவள் திரும்பி வரக் காத்திருந்தார். நான்தான் விஷயத்தைச் சொல்லி அனுப்பி வைத்தேன்.

"இட் வாஸ் நைஸ் டாக்கிங் டு யு. என்ஜாய் தி ரெஸ்ட் ஆஃப் யுவர் டிரிப்." இது போதும். அவசரம் என்றால் "ஸாரி, ஐ ஹேவ் டு கோ நவ்." நம் வீடுகளில் போயிட்டு வரேன் என்று சொன்ன பிறகுதான் வாசலில் அரை மணி நேரப் பேச்சு நடக்கும். ஆங்கிலத்தில் இந்த வரியைச் சொல்லிவிட்டால் அங்கேயே நிற்கக் கூடாது, கை காட்டிவிட்டு நடையைக் கட்ட வேண்டும்.